ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் பேட்டரியில் சந்திக்கட்டும்

பொது மின்கம்பி எட்டாத இடத்தில் சோலாரையும் பேட்டரியையும் நம்பி இருப்பவர்களுக்கு, மூன்று நாள் சேர்ந்தாற்போல் மேகம் மூடினால் என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரியும். முதல் நாள் யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டாம் நாள் தேவையில்லாத விளக்குகளை அணைக்கிறார்கள். மூன்றாம் நாள் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்த ஆரம்பித்ததும், மூலையில் இருக்கும் ஜெனரேட்டர் ஞாபகத்துக்கு வருகிறது. அதை வெளியே இழுத்து, கயிற்றைச் சுண்டி ஸ்டார்ட் செய்தாயிற்று. சரி, அதிலிருந்து வரும் வயரை எங்கே செருகுவது?

இந்தக் கேள்விக்கு இருட்டில், அவசரத்தில், கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு விடை தேடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜெனரேட்டரால் வரும் சேதத்தில் பெரும்பங்கு அந்த ஒரு வயர் போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தது. இங்கே வரும் எண்கள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கணக்கு. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றாலும் விஷயம் மாறாது.

முதலில், இரண்டையும் ஏன் ஒரே கம்பியில் சேர்க்கக்கூடாது என்று பார்ப்போம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் வோல்டேஜ் ஒரு விநாடிக்கு 50 முறை மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி வருகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. நாம் 230 என்று சொல்வது ஒருவகைச் சராசரிதான். உச்சியில் அது 325 வோல்ட்டைத் தொடும். இன்வெர்ட்டர் தன் கடிகாரத்தை வைத்து இந்த அலையை உருவாக்குகிறது. ஜெனரேட்டரோ இன்ஜின் சுற்றும் வேகத்தை வைத்து உருவாக்குகிறது. இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது. இன்வெர்ட்டர் 50 ஹெர்ட்ஸிலும் ஜெனரேட்டர் 51 ஹெர்ட்ஸிலும் ஓடினால், ஒரு விநாடிக்கு ஒருமுறை இரண்டு அலைகளும் ஒன்றாக ஏறும். அதற்கு அரை விநாடி கழித்து ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது பாதாளத்தில் இருக்கும். அந்த நொடியில் இரண்டுக்கும் நடுவே 650 வோல்ட் வித்தியாசம். அதைத் தடுக்க நடுவில் இருப்பது ஒரு சாதாரணச் செம்புக் கம்பி மட்டும்தான்.

பிரேக்கர் இருக்கிறதே, அது விழுந்துவிடாதா என்று கேட்பார்கள். விழும். ஆனால் பிரேக்கர் விழ சில மில்லி விநாடிகள் ஆகும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் வெடிக்கச் சில மைக்ரோ விநாடிகள் போதும். பிரேக்கர் காப்பாற்றுவது வயரைத்தான். இன்வெர்ட்டர் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்களே, வீட்டு வயரிங்கும் அப்படிப்பட்ட உறைதான். எந்த நேரத்திலும் அலையை உருவாக்கும் மூலம் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்று மற்றொன்றைப் பார்த்து, அதன் தாளத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ளத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பொருளைப் பற்றி உரக்கச் சொல்லியாக வேண்டும். இரண்டு முனையிலும் பின் நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் வைத்த வயர். ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரில் இருக்கும் ஏதாவது ஒரு சாக்கெட்டிலும் செருகினால் வீடு முழுக்க வெளிச்சம் வந்துவிடும் என்று இதைச் செய்கிறார்கள். சாக்கெட்டிலிருந்து அந்த பிளக் கழன்று விழுந்தால், தரையில் கிடக்கும் வெறும் பித்தளைப் பின்களில் 230 வோல்ட் இருக்கும். குழந்தை கையை வைத்தாலும் அதுதான், நாமே குனிந்து எடுத்தாலும் அதுதான். இன்வெர்ட்டர் ஆஃப் ஆகியிருக்கிறது என்ற நம்பிக்கையில் செருகியிருப்பார்கள். வேறு யாராவது போய் அதை ஆன் செய்தால் மேலே சொன்ன 650 வோல்ட் கதை. இப்படி ஒரு வயர் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே வெட்டிப் போட்டுவிடுங்கள். தற்காலிகம் என்று சொல்லி வைத்திருக்கும் பொருள்தான் அவசரத்தில் கைக்கு முதலில் அகப்படும்.

அப்படியானால் சரியான வழி எது? மூன்று வழிகள் உண்டு. எனக்குப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன்.

ஜெனரேட்டரை வீட்டு வயரிங்குக்குக் காட்டவே வேண்டாம். ஜெனரேட்டரிலிருந்து வரும் வயர் தனியான ஒரு பேட்டரி சார்ஜருக்குப் போகட்டும்; சார்ஜர் பேட்டரியில் டிசி மின்சாரத்தை, அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரத்தை, ஏற்றட்டும். இன்வெர்ட்டர் எப்போதும்போல பேட்டரியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் பேட்டரியில்தான் சந்திக்கின்றன. டிசியில் அலையும் இல்லை, தாளம் பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜெனரேட்டர் திக்கினாலும் திணறினாலும், பெட்ரோல் தீர்ந்து நின்றாலும், வீட்டு விளக்கு இமைக்காது. சார்ஜரில் ஏசியை (அலையாக வரும் மின்சாரத்தை) டிசியாக்கும்போதும், பிறகு இன்வெர்ட்டரில் திருப்பி ஏசியாக்கும்போதும் கொஞ்சம் வீணாகும் என்பது உண்மை. வருடத்தில் சில நாள் மட்டும் ஓடும் ஜெனரேட்டருக்கு அந்த நஷ்டத்தைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. சார்ஜிங் வசதி இல்லாத, வெளியே கொடுப்பது மட்டுமே தெரிந்த எளிய இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நிம்மதியான வழி கிடையாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: அந்தச் சார்ஜரை வீட்டுச் சாக்கெட்டில் செருகிவிடக் கூடாது. செருகினால் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் எடுக்கும், அதைச் சார்ஜர் வாங்கித் திரும்பப் பேட்டரிக்கே அனுப்பும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சூடாகிக் கரைந்து, விடிவதற்குள் பேட்டரி காலியாகிவிடும்.

இரண்டாவது வழி, சார்ஜரும் மாற்று ரிலேவும் (இணைப்பைத் தானே மாற்றும் சுவிட்ச்) உள்ளேயே அமைந்த இன்வெர்ட்டர். இப்போது விற்கும் சோலார் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஏசி உள்ளே, ஏசி வெளியே என்று தனித்தனி டெர்மினல்கள் இருக்கும். ஜெனரேட்டர் வயர் 'உள்ளே' என்ற டெர்மினலுக்குத்தான் வர வேண்டும். 'வெளியே' என்ற பக்கத்துக்கு அது எந்த வழியாகவும், சுற்றிவளைத்துக்கூட, வந்து சேரக்கூடாது. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் இன்வெர்ட்டர் உடனே அதை ஏற்றுக்கொள்வதில்லை. வோல்டேஜ் சரியா, ஹெர்ட்ஸ் நிலையாக இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்க்கும். நல்ல இன்வெர்ட்டர் என்றால் தன் அலையை மெல்ல நகர்த்தி ஜெனரேட்டரின் அலையோடு பொருத்தி, பிறகுதான் 'டக்' என்று ரிலேயை மூடும். அதற்குப் பிறகு வீட்டு லோடு முழுவதும் ஜெனரேட்டரில் நேரடியாக ஓடும். உள்ளே இருக்கும் சார்ஜர் பேட்டரியை ஏற்ற ஆரம்பிக்கும்.

மூன்றாவது, கையால் திருப்பும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் இன்வெர்ட்டர், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் எதோடும் சேராத சைபர். ஒரு பக்கத்தை முழுதாக விட்டபிறகுதான் மறுபக்கத்தைத் தொடும்படி அதன் உள்ளமைப்பே இருக்கும். இது எளிது, நம்பகமானது. ஃபேஸோடு சேர்த்து நியூட்ரலையும் மாற்றும் இரண்டு துருவ சுவிட்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு தனி பிரேக்கர்களை வைத்துக்கொண்டு 'முதலில் இதை இறக்கு, அப்புறம் அதை ஏற்று' என்று சுவரில் எழுதி ஒட்டுவது இதற்கு ஈடாகாது. எழுதியதை எல்லோரும் எல்லா நேரத்திலும் படிப்பதில்லை.

இரண்டாவது வழியில்தான் நடைமுறைச் சிக்கல்கள் அதிகம், அதனால் அங்கே கொஞ்சம் நிற்போம். நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஜெனரேட்டர் நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆனது. அரை நிமிடம் கழித்து இன்வெர்ட்டரில் 'டக்'. உடனே இன்ஜின் சத்தம் கனத்து, பாரம் ஏறிய லாரிபோல முனகியது. மீட்டரில் 51 ஹெர்ட்ஸ் 46-க்கு இறங்கியது. மறுபடி 'டக்'. இன்வெர்ட்டர் ஜெனரேட்டரைக் கைவிட்டு பேட்டரிக்குத் திரும்பிவிட்டது. பாரம் இறங்கியதும் இன்ஜின் துள்ளி 54-க்குப் போய், பிறகு 51-க்கு அடங்கியது. அரை நிமிடம் கழித்து மீண்டும் 'டக்', மீண்டும் முனகல். ஒரு மணி நேரம் பெட்ரோல் எரிந்தும் பேட்டரியில் ஏதும் ஏறவில்லை. வீட்டுக்காரர் ஜெனரேட்டர் கோளாறு என்று முடிவுகட்டி, பெரிதாக ஒன்று வாங்கப் புறப்பட்டுவிட்டார்.

கோளாறு ஜெனரேட்டரில் இல்லை, ஒரு செட்டிங்கில் இருந்தது. கணக்கு இதுதான். 48 வோல்ட் பேட்டரி, சார்ஜிங் கரண்ட் 60 ஆம்பியர் என்று வைத்திருந்தது. சார்ஜ் ஆகும்போது பேட்டரி சுமார் 54 வோல்ட்டில் இருக்கும். 54-ஐ 60-ஆல் பெருக்கினால் 3,240 வாட். சார்ஜர் 90 சதவீதத் திறனில் வேலை செய்தால் ஜெனரேட்டரிடம் அது கேட்பது 3,600 வாட். இதன்மேல் வீட்டு லோடு 1,000 வாட். மொத்தம் 4,600. ஜெனரேட்டரின் முகப்பில் 5 கேவிஏ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பவர் ஃபேக்டர், அதாவது அந்தக் கேவிஏவில் வாட்டாகக் கிடைக்கும் பங்கு, 0.8 என்றால் அது 4,000 வாட்தான். அதுவும் பல சமயம் சில நிமிடங்களுக்கு மட்டும் தாங்கும் உச்ச அளவாக இருக்கும். நாள் முழுதும் ஓட்டக்கூடிய அளவு சின்ன எழுத்தில் இன்னும் குறைவாக எழுதியிருக்கும். வெயிலும் கடல் மட்டத்திலிருந்து உயரமும் கூடக்கூட இன்ஜின் கொடுப்பது மேலும் குறையும். சார்ஜிங் கரண்டை 30 ஆம்பியராகக் குறைத்தோம். 1,800 வாட்டும் 1,000 வாட்டும் சேர்ந்து 2,800. ஜெனரேட்டரின் 70 சதவீதம். முனகல் நின்றது, ரிலேயும் ஒருமுறை மூடியதோடு சரி.

60 முதல் 80 சதவீத லோடில் ஓடும்போதுதான் ஜெனரேட்டர் எரிபொருளுக்கேற்ற வேலையைச் செய்யும். ரொம்பக் குறைத்தாலும் நல்லதல்ல. டீசல் இன்ஜினை 30 சதவீதத்துக்கும் கீழே மணிக்கணக்காக ஓட்டினால் சிலிண்டர் போதிய சூடேறாமல், முழுதாக எரியாத டீசல் கரியாகவும் பிசுக்காகவும் படியும். இரண்டு விளக்குக்காக இரவு முழுக்க டீசல் ஜெனரேட்டரை ஓட்டுவதைவிட, இரண்டு மணி நேரம் நல்ல லோடில் ஓட்டிப் பேட்டரியை ஏற்றிவிட்டு அணைப்பது எல்லா வகையிலும் மேல். ஜெனரேட்டரின் வேலை பேட்டரியை நிரப்புவது என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எப்போது ஓட்டுவது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லெட் ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதற்குமேல் கரண்டை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு, கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் எடுக்கும். அந்த மெதுவான பகுதிக்கு ஜெனரேட்டரை ஓட்டினால் எரிபொருள்தான் வீண். அதனால் காலையில் முதலில் ஜெனரேட்டரை ஓட்டி வேகமான பகுதியை முடித்துவிட்டு, மிச்சத்தை மேகத்தினூடே வரும் வெயிலுக்கு விட்டுவிடலாம். லெட் ஆசிட்டுக்குச் சார்ஜிங் கரண்ட் அதன் ஆம்பியர் மணிக் கொள்ளளவில் பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றுவரை இருப்பது வழக்கம். 200 ஆம்பியர் மணி என்றால் 20 முதல் 40 ஆம்பியர். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு இந்த இழுத்தடிப்பு இல்லை, கிட்டத்தட்ட நிறையும்வரை முழு வேகத்தில் ஏற்றலாம். ஆனால் உறைபனிக் குளிரில், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே, அதைச் சார்ஜ் செய்யக்கூடாது.

இன்வெர்ட்டரின் செட்டிங்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல இன்வெர்ட்டர்களில் உள்ளே வரும் மின்சாரத்தை எவ்வளவு கண்டிப்போடு பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். கம்ப்யூட்டருக்கான குறுகிய வரம்பு ஒன்று, வீட்டுச் சாமான்களுக்கான அகல வரம்பு ஒன்று. குறுகிய வரம்பில் வைத்தால், 10 மில்லி விநாடியில் பேட்டரிக்கு மாறிவிடும், கம்ப்யூட்டர் அணையாது. ஆனால் ஜெனரேட்டரில் மோட்டார் ஒன்று ஸ்டார்ட் ஆகி வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தாலே அதை ஒதுக்கிவிடும். சிறிய ஜெனரேட்டரின் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) இன்ஜின் வேகத்தை முழுதாகப் பிடித்து நிறுத்தாது. லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ், முழு லோடில் 49 என்று ஆடத்தான் செய்யும். இது பழுதல்ல, அதன் சுபாவம். அகல வரம்பில் வைத்தால் இந்த ஆட்டத்தை இன்வெர்ட்டர் பொறுத்துக்கொள்ளும்; பதிலுக்கு அந்த ஆட்டம் வீட்டுச் சாமான்கள்வரை வரும். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதில் இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் வெளியே வரும் அலை மின்னணு முறையில் புதிதாக உருவாக்கப்படுவதால், ஹெர்ட்ஸ் அசையாது.

சோலார் இருக்கும் வீட்டில் யோசிக்க மறந்துபோகும் ஆபத்து ஒன்று உண்டு. மின்சாரத்தை வெளியே தள்ளத் தெரிந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டரில், பொது மின்கம்பிக்கான டெர்மினலில் ஜெனரேட்டரை மாட்டிவிட்டால், மேகம் திடீரென்று விலகும்போது மிஞ்சும் சோலார் மின்சாரத்தை அது ஜெனரேட்டருக்குள் தள்ளப் பார்க்கும். ஜெனரேட்டருக்கு வாங்கத் தெரியாது. வோல்டேஜ் எகிறும், இன்ஜினை மின்சாரமே சுழற்றும், ஜெனரேட்டரின் வோல்டேஜ் ரெகுலேட்டர் எரியும். அந்த இன்வெர்ட்டரில் ஜெனரேட்டருக்கென்று தனி டெர்மினல் இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் வெளியே தள்ளும் வசதியை நிறுத்திவிட வேண்டும். கூரை சோலார் இன்வெர்ட்டரை ஏசி பக்கத்தில் சேர்த்திருப்பவர்களுக்கும் இதே கவலைதான். பேட்டரி நிறைந்தால் ஹெர்ட்ஸை உயர்த்தி, சோலாரைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது அங்கே பேட்டரி இன்வெர்ட்டரின் வேலை. ஜெனரேட்டர் ஓடும்போது ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் கையில். பேட்டரி இன்வெர்ட்டரால் அந்தச் சேதியைச் சொல்ல முடியாது. எனவே ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் அந்த சோலார் இன்வெர்ட்டரை ஒரு காண்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துத் துண்டித்துவிடுவதே நல்லது.

இனி எர்த்துக்கு வருவோம். இந்த விஷயத்திலேயே அதிகம் குழப்புவதும், உயிரோடு நேராகச் சம்பந்தப்பட்டதும் இதுதான்.

ஆர்சிசிபி என்பது மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச். அது போகிற கரண்டையும் திரும்புகிற கரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் விழும். நாம் ஃபேஸைத் தொட்டால் கரண்ட் உடம்பு வழியாகத் தரைக்குப் போய், அங்கிருந்து மூலத்தின் நியூட்ரலுக்குத் திரும்பும். அப்படித்தான் அந்தக் குறை உண்டாகிறது. திரும்பும் வழி இருக்க வேண்டுமானால், நியூட்ரல் எங்காவது ஓரிடத்தில் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். பொது மின்சாரத்தில் பெரும்பாலும் அந்த இணைப்பை நமக்காக வேறு யாரோ செய்து வைத்திருப்பார்கள். தனி அமைப்பில் அதை நாம்தான் செய்ய வேண்டும், அதுவும் ஒரே ஓர் இடத்தில். இணைப்பே இல்லையென்றால் ஆர்சிசிபி சுவரில் அழகாக இருக்கும், ஆபத்தில் விழாது. இரண்டு இடத்தில் இருந்தால் நியூட்ரலில் போக வேண்டிய கரண்டில் ஒரு பங்கு எர்த் வயரில் ஓடி, ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

தரமான இன்வெர்ட்டர்களில் இதற்கென்றே ஓர் எர்த் ரிலே உண்டு. தனியாக ஓடும்போது நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும். ஜெனரேட்டர் வந்ததும் விட்டுவிடும். விட்டபிறகு அந்த இணைப்பு ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கையில் தூக்கிப்போகும் சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் அது இருக்காது. ஜெனரேட்டரை ஓட்டி, அதன் சாக்கெட்டில் இருக்கும் இரண்டு பின்களுக்கும் அதன் உலோக உடலுக்கும் நடுவே மல்டிமீட்டரில் அளந்தால், ஒன்றில் 230, மற்றதில் பூஜ்யம் என்று வந்தால் இணைப்பு இருக்கிறது. இரண்டிலும் 115 அளவில் வந்தால் அவசரப்படாதீர்கள். அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. வைண்டிங் (ஜெனரேட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) எதோடும் சேராமல் மிதக்கலாம். அல்லது வைண்டிங்கின் நடுப்புள்ளி உடலோடு சேர்ந்திருக்கலாம். இன்ஜினை நிறுத்தி, எல்லா வயரையும் கழற்றிவிட்டு, பின்னுக்கும் உடலுக்கும் தொடர்ச்சி பாருங்கள். எதிலும் தொடர்ச்சி இல்லையென்றால் மிதக்கிறது. எலெக்ட்ரீஷியன் ஒரு முனையை எர்த்தோடு சேர்த்து, அதற்குப் பின்னால் ஆர்சிசிபி வைத்துக் கொடுப்பார். இரண்டு பின்னிலும் ஒரே அளவு தொடர்ச்சி வந்தால் நடுப்புள்ளி சேர்ந்திருக்கிறது. அப்போது ஒரு முனையை எர்த்தோடு சேர்த்தால் பாதி வைண்டிங் ஷார்ட் ஆகிவிடும். இந்த வேறுபாடு புரியாத ஒருவர் கையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வயரைப் பற்றிச் சுருக்கமாக: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 30 மீட்டர் தூரத்துக்கு 16 ஆம்பியர் போனால், போய்த் திரும்புவதில் சுமார் 7 வோல்ட் விழும். அதற்குமேல் தூரம் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். ஜெனரேட்டர் முனையில் ஒரு பிரேக்கர் கட்டாயம்.

தூரத்தைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜெனரேட்டர் வீட்டின் கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகும்படி, திறந்த வெளியில் இருக்க வேண்டும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை அது இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வரும், தூங்கியவர் எழுவதில்லை. மழை என்று வராந்தாவுக்கு இழுப்பது, ஷட்டரைத் திறந்துவிட்டுக் காரேஜில் ஓட்டுவது, இரண்டுமே ஆளைக் கொன்றிருக்கின்றன. மழைக்கு நான்கு பக்கமும் திறந்த தனிக் கூரை போடுங்கள். வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கட்டும். எரிபொருள் ஊற்ற இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு மூடியைத் திறங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் சோதனையைப் பகலில், பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போது செய்து பாருங்கள். ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து, லோடு கொடுக்காமல் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். மல்டிமீட்டரில் வோல்டேஜும் ஹெர்ட்ஸும் பார்த்துவிட்டு, இன்வெர்ட்டருக்குப் போகும் பிரேக்கரை ஏற்றுங்கள். ரிலே மூடியதும் சார்ஜிங் கரண்டை 10 ஆம்பியரில் தொடங்கி, ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். ஹெர்ட்ஸ் 49-க்குக் கீழே இறங்கும் இடத்தில் ஒரு படி பின்வாங்கி அங்கேயே வையுங்கள். அடுத்து வீட்டிலேயே பெரிய மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். பிறகு ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை இன்வெர்ட்டரிலும், ஒருமுறை ஜெனரேட்டரிலும் அழுத்துங்கள். அந்தப் பொத்தான் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று மட்டுமே காட்டும், எர்த் இணைப்பைக் காட்டாது. அதை எலெக்ட்ரீஷியன் தன் டெஸ்டரால் இரண்டு நிலையிலும் தனியே பார்க்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் லோடை எடுத்துவிட்டு, மூன்று நான்கு நிமிடம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு அணையுங்கள்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை, மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரை மணி நேரம் அதே லோடில் ஓட்டுங்கள். மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரைப் பிசினாக அடைக்கும். அப்படி அடைத்திருப்பது தெரியவருவது பெரும்பாலும் அந்த மூன்றாம் நாள் இரவில்தான்.